ஓரக் குழிகளில் தண்ணீர்

மூன்று கொட்டேஷனையும் மேசையில் விரித்துவிட்டு
முனிரத்தினம் கேட்கிறார்:
"எல்லாம் பிளாஸ்டிக்தானே மேடம்,
இது மட்டும் ஏன் எட்டு மடங்கு விலை?"

சாதாரணத் தட்டில் செல் விழுந்ததும் ஒட்டிக்கொள்ளும்.
கால் பரப்பும்.
கல்யாண மண்டபத்தில் பாய் விரித்த மாதிரி
மூன்று நாளில் தரை தெரியாது.
எனக்கு வேண்டியது
ஒட்ட இடம் கொடுக்காத தட்டு.
பிடிமானம் இல்லாவிட்டால் பெரும்பாலானவை செத்துவிடும்.
சாகாத ஒன்றிரண்டைத்தான் தேடுகிறேன்,
மருந்தெல்லாம் முடிந்து
ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகும்
உள்ளே உட்கார்ந்திருப்பவற்றை.

"ஒட்டாத தோசைக்கல்" என்றார்.
சரிதான்.
கமிட்டிக்கு அப்படி எழுத முடியாது.

அடுத்து, அடி உருண்டையா தட்டையா.
உருண்டை அடியில் சரிந்து சரிந்து
எல்லாம் நடுவில் குவியும்,
மறுநாளே அழகாக ஒரு பந்து.
அது வளர்ந்ததல்ல, கூடியது.
ஆற்காடு பஸ் வந்ததும் படியில் மொய்க்கிறவர்களை
ஒரே குடும்பம் என்று யார் சொல்வார்?
தட்டை அடிதான்.
குழிக்கு ஒரே ஒரு செல்.
ஏழு நாள் தொடக்கூடாது.

தொண்ணூற்றாறு குழி.
ஆனால் இது வேலூர், இது மே.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு;
ஊரிலேயே குளிர்ந்த இடத்தில் வாழ்கின்றன செல்கள்.
அப்படியும் ஓரக் குழிகள் முதலில் வற்றும்.
முப்பத்தாறிலும் வெறும் தண்ணீர் விடுவேன்.
மிச்சம் அறுபது.
அறுபதிலும் அநேகமாக ஒன்றும் வராது.

மாதிரி எண் நாற்பத்தொன்று.
தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் நடுவில், காலை பத்தேகாலுக்கு.
வயது முப்பத்தெட்டு, இடது மார்பு.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது. தெரியாது.

மத்தியானம் லாட்ஜ் சந்தில் நடந்தேன்.
வங்காள எழுத்தில் போர்டுகள், மீன் பொரிக்கும் வாசனை,
ஸ்டவ், பாத்திரம் நாள் வாடகைக்கு.
ஒருவர் அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்துத் தட்டினார்,
வெளிச்சத்தில் திருப்பி ஓட்டை பார்த்தார்,
புதிதாய்க் கற்ற தமிழில் கேட்டார்:
"அடி பிடிக்குமா?"
கடைக்காரர் இல்லை என்றார்.
அவர் நம்பவில்லை. வேறொன்றை எடுத்தார்.

நாற்பத்தொன்றோடு வந்தவராக இருக்கலாம்.
இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர்,
இல்லாமலும் இருக்கலாம்.
வெயிலில் நின்று
அவர் தேர்ந்து முடிக்கும்வரை பார்த்தேன்.

எட்டு மடங்குக்கே கையெழுத்து வாங்கினேன்.

ஏழாம் நாள், டி வரிசை, ஏழாவது குழி.
மைக்ராஸ்கோப்பில் மிதந்தது
முழு உருண்டையாய், ஓரம் மினுங்க,
எதையும் பிடிக்காமல்.
"வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

பிறகு எழுந்துபோய்
வராந்தாவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.