கள்ளிமுளையான்

பேசி முடித்தது ஒன்பதாயிரம், போய்வர.
எங்கே என்று நிஸ்பர் கேட்டதற்கு
முதலில் மணல், பிறகு கல் என்றேன்.
அக்கரைப்பற்று மணிக்கூட்டடியில்
என்னை ஒருமுறை பார்த்தார்,
பிறகு பெற்றோல் முள்ளை.

திருக்கோவில் தாண்ட விடிந்தது.
கோமாரியில் பழைய யானை லத்தியொன்றில்
விளாங்கன்று இரண்டிலை விட்டிருந்தது.
ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னேன்.
"இதுக்குமாகா?"

பொத்துவில் மணல்மேட்டில்
செருப்பைக் கையில் பிடித்து ஏறினேன்.
இராவணன் மீசை
கணுக்கால் முழுக்கக் கீறி வைத்தது.
உப்புக்காற்றைத் தின்று
இப்படி விறைத்து நிற்க
ஒரு புல்லுக்கு எத்தனை வீம்பு!
அதன் காய்ந்த முள்ளுருண்டை ஒன்று
தத்தித் தத்திக் கடலுக்கு ஓடியது,
பின்னால் நானும்.
அடம்பன் கொடி திரண்டால்தான் மிடுக்காம்.
இங்கே திரளவில்லை.
ஒற்றைக் கொடி, இருபத்தாறு அடி,
அளந்தேன்.
நிழலில் இருந்து நிஸ்பர்
வெள்ளரிப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

பாணமைக்கு அப்பால்,
எந்தக் கல் என்று எழுதமாட்டேன்,
ஆவணி வெயில்
அடிப்பாதத்தில் அப்பம் சுட்டது.
வெடிப்பு வெடிப்பாகத் தேடினேன்.
பிரண்டை, சதுரக்கள்ளி,
சருகாகிச் சுருண்ட பன்னம்,
மழை வந்தால் எழும்பும் என்று
அதைத் தொட்டுச் சொன்னேன், அதற்கே.
நான் வந்தது வேறொன்றுக்கு.
நாலு வருசமாய் ஒரு படத்தில் மட்டும்
பார்த்து வைத்திருந்த ஒன்றுக்கு.

ஒரு மணி. தண்ணீர் அரைப் போத்தல்.
போவம் என்று திரும்புகையில்
நிஸ்பர் மூக்கைப் பொத்தினார்.
"என்னவோ செத்துக் கிடக்கு இதுக்குள்ள.
உடும்பாக்கும்."

நான் ஓடினேன்.
செத்தது எதுவுமில்லை.
கல்லிடுக்கில் ஒரு பிடி மண்,
இலையே இல்லாத நாலுபட்டைத் தண்டு,
அதன் உச்சியில்
ஈரல் நிறத்தில் ஒரு பந்து நட்சத்திரம்.
ஈக்கள் மொய்த்தபடி.
முழங்காலில் இருந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன்.
வயிற்றைக் குமட்டியது.
கண் கலங்கியது அதனாலா என்று
இப்போதும் தெரியாது.

வண்டும் தேனீயும் வராத கல்லில்
ஈயை நம்பி மலர்ந்திருக்கிறது.
ஈக்கு எது வாசமோ அதுதான் வாசம்.

நிஸ்பர் தள்ளி நின்று
வீட்டுக்குக் கோல் எடுத்தார்.
"பூப் பார்க்க வந்த.
ஓம், பூத்தான்.
இல்லடி, பறிக்கல்ல.
பறிச்சா நீ
என்னை வாசலுக்குள்ள எடுக்கமாட்டாய்."