முப்பதுக்குப் பிறகு

பால்சேனை பல்நோக்கு மண்டபத்தின் சாவி என்னிடம்.
எட்டரைக்குத் திறந்து
வௌவால் எச்சம் கூட்டி
கோயிலில் இரவல் வாங்கிய நீலக் கதிரைகள்
நாற்பது போட்டேன்.
வந்தது இருபத்தாறு பேர்.
மற்றவர்களுக்கு இறால் பாடு.

பதாகையில் ஊரின் பெயர் பிழை.
யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.
ஜீ.எஸ். விளக்கேற்றிவிட்டு
இன்னொரு விளக்குக்குப் போனார்.

ஓட்டமாவடியிலிருந்து வந்த மஸாஹிரா ரீச்சர்
பெரிய பயணப் பையின் சிப்பை இழுத்து
அவனை வெளியே எடுத்தா.

தலை உண்டு, வாய் திறந்தபடி.
மார்பு உண்டு.
கை இல்லை.
இடுப்போடு முடிந்துவிட்டான்.

"இவர்தான் இண்டைக்கு உங்கட நோயாளி"
என்று சொல்லி
சிரிப்பதற்கென்று ஒரு சின்ன இடைவெளி விட்டா.
மின்விசிறியின் கறகறப்பு மட்டும் கேட்டது.
மற்ற ஊர்களில் சிரிப்பார்களாக்கும்.

நேசமலர் எழும்பினா.
சந்தைப் பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து உதறி
பாயில் கிடந்தவனுக்கு
இடுப்புக்குக் கீழே
கால்கள் இருக்கவேண்டிய நீளத்துக்கு விரித்தா.
ஓரத்தை இழுத்துவிட்டு
திரும்பி வந்து இருந்தா.

"துவாய் தேவையில்ல அக்கா, இது..."
அந்த "இது"வைத் தாண்டி
ரீச்சர் போகவில்லை.

பிறகு பாடம்.
தோளில் தட்டு. கூப்பிடு. மூச்சைப் பார்.
எந்தப் பெயராவது சொல்லிக் கூப்பிடலாம் என்றா.
அதுதான் கஷ்டமாகப் போயிற்று.
வன்னமணி "ஐயா" என்றான்.
கோகிலமதி "தம்பி" என்று தொடங்கி
தண்ணீர் குடிக்க எழும்பிப் போனா.
ஆட்டோக்கார யதுர்சன், இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவன்,
"மச்சான் எழும்படா, ஹயர் ஒண்டிருக்கு" என்றான்.
அப்போதுதான் மண்டபம் சிரித்தது.

அவசர அம்புலன்ஸ் இலக்கம்.
பலகையில் பெரிதாக எழுதினா:
1990.

சோக்கட்டி பிடித்த கை கீழே இறங்கவில்லை.
முதுகு எங்களுக்கு.
முக்காட்டை ஒருதரம் சரிசெய்தா.
ஓட்டமாவடியிலும் அது
ஆண்டாகத்தான் இருந்திருக்கும்.
எங்கள் பக்கம் யார் யார்
அவவின் பக்கம் யார் யார்
என்று அங்கே யாரும் எண்ணவில்லை.
இல்லை, எல்லோரும் எண்ணினோம்.
வாய்விடவில்லை, அவ்வளவுதான்.

"காசு எடுக்க மாட்டாங்க" என்றா தொண்டையைச் செருமி.
"கோல் எடுத்தா வருமா கா?"
கேட்டது நேசமலர்.
"வரும் அக்கா.
இப்ப வரும்."

முப்பது தரம், இரண்டங்குல ஆழம்.
சரியாக அமத்தினால் உள்ளே டிக் என்று ஒரு சத்தம்.
எனக்குப் பதினொன்றுதான் டிக்.
மிச்சத்துக்கு அவன் சும்மா கிடந்தான்.

நேசமலரின் முறை.
சீலையை ஒதுக்கி முழந்தாளிட்டு
ஒன்று, இரண்டு, மூன்று
ஒவ்வொன்றும் டிக்.
முப்பதில் ரீச்சர் கையைத் தூக்கினா.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
நாற்பதில் யதுர்சன்
வீடியோ எடுத்த போனைத் தாழ்த்தினான்.
அறுபத்துநாலு. அறுபத்தைந்து.
"போதும் அக்கா."
"எப்ப நிப்பாட்டுறதெண்டு
நீங்க சொல்லல்லயே மகள்."

ரீச்சர் கையேட்டைப் பார்க்கவில்லை.
"ஆக்கள் வரும்வரைக்கும்" என்றா.
பிறகு பாயில் அவவுக்குப் பக்கத்தில் குனிந்து
"கை மாத்துவம், நான் பிடிக்கிறன்."

பிளேன்ரீக்குப் பிறகு ஒரு படிவம்.
பயிற்சிக்கு முன் இதுபற்றிய உங்கள் அறிவு:
இல்லை, கொஞ்சம், போதியளவு.
இருபத்தாறு பேரும்
'இல்லை'யில் கோடிட்டோம்.

நாளைக் காலை இங்கே முன்பள்ளி.
முப்பதை அழித்தேன்.
இரண்டங்குலத்தை அழித்தேன்.
மற்றதை விட்டுவிட்டேன்,
பிள்ளைகள் வாசிக்கட்டும்:
ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம்.

துவாயைக் கேட்டு நேசமலர் வரவில்லை.
ரீச்சர் அதை நாலாக மடித்து
பைக்குள் அவன்மேல் வைத்து
சிப்பை இழுத்தா.
வியாழக்கிழமை கதிரவெளியாம்.