வேலை செய்யாத விசை

பஸ்லான் நானாவின் கடையில்
ஒரு நாளைக்குப் பதினேழு போன் திறப்பேன்.
உடைந்த கண்ணாடி, ஊதிப்போன பேட்டரி,
கொழுந்துச் சாறு காய்ந்து இறுகிய சார்ஜர் வாய்.
செத்துப்போனதென்று கொண்டுவருகிற எதுவும்
என் கையில் உயிர்த்தவுடன் செய்கிற முதல் வேலை
கத்துவது.
மூன்று நாள் தேங்கிய குட்மோர்னிங் எல்லாம்
மேசையில் கொட்டும்.

என் போனும் அப்படித்தான்.
"அவள் விமானத்தில்" என்று தொடங்குவேன்,
மச்சாள் மகளின் சடங்கு வீடியோ வந்து விழும்.
அவள் ஜன்னலோரத்தில் அப்படியே இருந்தாள்
இரண்டு மாதம்,
சாப்பாடுகூட வரவில்லை.

பழைய சாமான் பெட்டியில் கிடந்தது இது.
தண்டவாளக் கறுப்பில் ஒரு விசைப்பலகை,
அதன் நெற்றியில் நாலு வரிக்கு மட்டும் இடம்.
இணையம் இல்லை, படம் இல்லை,
திரைக்கு வெளிச்சம்கூட இல்லை.
மூன்று பென்டோர்ச் பேட்டரி போட்டால்
ஒரு மழைக்காலம் முழுக்க ஓடும்.
எந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையோ
அடியில் ஒரு பூனையைக் கீறியிருந்தது.
"இதுக்கு யாரும் நூறு ரூபா தரமாட்டாங்க" என்றார் நானா.
இருநூறு கொடுத்தேன்.

அதற்குத் தமிழ் தெரியாது.
ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறேன்.
அதே ஐந்து எழுத்து
இரவு படித்தால் மலை, மறுநாள் மாலை,
அவசரத்தில் மழையும் அதுதான்.
எங்கள் பக்கத்தில் மூன்றும் சேர்ந்தே வருவதால்
கதைக்குப் பெரிய சேதமில்லை.

அழிக்கும் விசை மட்டும் அமுங்காது.
உள்ளே ஒரு ரப்பர் மொட்டு கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான்.
பத்து நிமிட வேலை.
புது மொட்டு என் லாச்சியிலேயே இருக்கிறது.
போடவில்லை.
ஊர்ப் பழுதெல்லாம் பார்க்கிறவளுக்கு
சொந்தமாக ஒன்றாவது வேண்டாமா?

ஹட்டனிலிருந்து ஐந்தே கால் ரயில்.
மடியில் பை, பையின் மேல் இது.
பக்கத்து ஆள் எட்டிப் பார்த்து
"தந்தி அடிக்கிறீங்களா தங்கச்சி?" என்கிறார்.
ஆமாம் என்கிறேன்.
யாருக்கு என்று அவர் கேட்பதற்குள்
சிங்கமலைச் சுரங்கம்.

பொடியன்கள் ஊளையிடுகிறார்கள்.
பெட்டியில் விளக்கில்லை.
நாலு வரியும் போய்விட்டது.
விரல் நிற்கவில்லை,
என்ன தட்டுகிறது என்று பார்க்க
ஒருவருமில்லை, நான் உட்பட.

வெளியே வந்ததும் பார்த்தால் ஒரு வரி உளறல்.
இருட்டில் கை ஒரு விசை வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது.
அழிக்க வழியில்லை.
மேலே எழுதிக்கொண்டு போனேன்:
அவள் கட்டுநாயக்காவில் இறங்குகிறாள்,
வேன் பிடிக்கிறாள்,
லயத்து வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள்,
மாலை. அல்லது மழை.
கொட்டகலை வந்துவிட்டது.

ஞாயிறு, கடை பூட்டிய பிறகு
நானாவின் கம்பியூட்டரில் தமிழாக்கிக்கொண்டே வந்தவள்
அந்த வரியில் நின்றேன்.
ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விசை இடப்பக்கம் தள்ளி
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்,
சார்ஜர் வாயைச் சுரண்டுகிற பொறுமையோடு.

அவளுக்கு வர விருப்பமில்லை.

யார் சொன்னது என்று சுற்றிப் பார்த்தேன்.
தட்டில் போன்கள் கிடந்தன,
பேட்டரி கழற்றி, பேர் எழுதி ஒட்டி.

கம்பியூட்டரில் அழிக்கும் விசை நன்றாகவே வேலை செய்கிறது.
வேன் போனது, வாசல் போனது,
நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.
விமானமும்.
ஜோர்தானில் ஏதோ ஒரு அடுக்குமாடியின் பின்படியில்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
கையில் தேநீர் கொடுத்தேன்,
பிறகு அதையும் எடுத்துவிட்டேன்,
எங்கள் ஊர்த் தேயிலையாக இருந்துவிட்டால் என்று.

அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை.
நாளைக்கு ஐந்தே கால்.