முன்பக்கம், பின்பக்கம்

கெயோன் துறைமுகத்தில் மழை பெய்வது செய்தியல்ல.
சால்மன் ஆலையில் வேலை செய்பவள் கையில்
கத்திக் கீறல் இருப்பதும் செய்தியல்ல.
அதனால்தான் எனக்கு இத்தனை நாளாயிற்று.

காதுக்குப் பின்னால் சால்மன் கீறாது.

இர்மா பாரியா, வயது முப்பத்தொன்று.
கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஜூலையில், வழுக்கி விழுந்தாராம்.
நவம்பரில், படகு விளிம்பில் இடித்துக்கொண்டாராம்.
மார்ச்சில், படிக்கட்டில் உருண்டாராம்.
மூன்று 'ஆம்'. மூன்றுக்கும் வாய் கணவருடையது.
மூன்றாவதன் கையெழுத்து என்னுடையது.
அவர்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது.
குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போய்
அந்த வாசலில் சேறு துடைத்திருக்கிறேன், இந்தக் காலால்.

இன்றும் கூடவே வந்திருக்கிறார்.
அவள் கோட்டை மடித்துக் கையில் வைத்திருக்கிறார்.
"எங்கே வலிக்கிறது, இர்மா?"
"இடுப்பில்" என்கிறார்.
எந்த இடுப்பு என்றும் சொல்கிறார், இடது.

சிறுநீர் மாதிரி வேண்டும் என்றேன்.
வேண்டியதில்லை.
இந்த மருத்துவமனையில் கணவர்கள் பின்தொடராத அறை
கழிப்பறை ஒன்றுதான்.

கை உலர்த்தும் இயந்திரத்தை அழுத்திவிட்டு
அந்த இரைச்சலுக்குள் கேட்டேன்,
பயிற்சியில் தந்த வாக்கியத்தை, மாற்றாமல்:
இங்கே வரும் எல்லாப் பெண்களிடமும் கேட்கிறோம்,
வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா,
யாரைக் கண்டாவது பயமா?
எல்லாப் பெண்களிடமும் என்பது பொய்.
மருந்தாளர் மனைவியிடம் நான் கேட்டதில்லை.
என் அக்காவிடம் கேட்டதில்லை.

"இல்லை" என்றாள்.
இயந்திரம் நின்றுபோனது. மறுபடி அழுத்தினேன்.
"இல்லை."

படிவத்தில் ஓர் உருவம் உண்டு.
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.
முகமில்லை, முடியில்லை, ஆணா பெண்ணா தெரியாது,
கைகளைச் சற்று விலக்கி,
விமான நிலையத்தில் சோதனைக்கு நிற்பவர்போல.
கையுறை மாட்டுவதற்காகத்தான்
அதைக் கழுவுதொட்டி விளிம்பில் வைத்தேன்.
பேனாவை அவள் எடுத்தாள்.

பின்பக்கத்தில் தொடங்கினாள்.
முள் எங்கே ஓடுகிறதென்று தெரிந்த கை.
இடுப்பில் ஒன்று, தோள்பட்டைக்குக் கீழே இரண்டு,
கண்ணாடியிலும் அவளுக்குத் தெரியாத இடங்கள்.
பிறகு முன்பக்கம். கழுத்தில்
இந்தப் பக்கம் ஒரு கோடு.
அந்தப் பக்கம் நான்கு.

"இதைப் படிப்பாரா?"
"மாட்டார். கோப்பைப் பூட்டி வைத்திருப்போம்."
"டாக்டரைக் கேட்டேன்" என்றாள்.

டாக்டர் ஓயார்ஸோ படித்தார்.
நின்றபடி தொடங்கி, உட்கார்ந்து முடித்தார்.
விழுங்கும்போது வலிக்கிறதா, குரல் மாறியதா,
கண் இருண்டதா என்று கேட்டார்.
கழுத்து நெரிபட்டவர்களை
அன்றிரவு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

நான் அளவுகோலைத் தோலோரம் பிடித்துப் படமெடுத்தேன்.
நிறத்தை எழுதலாம், காயத்தின் வயதை ஊகிக்கக் கூடாது.
மஞ்சள், ஓரம் பச்சை, மூன்று சென்டிமீட்டர்.
நோயாளி 'குற்றம் சாட்டுகிறார்' என்று எழுதக் கூடாது,
'சொன்னார்' என்று எழுத வேண்டும்.
ஆனால் சொல்லவில்லையே.
நெடுநேரம் யோசித்து எழுதினேன்:
இருமுறை கேட்டதற்கு இருமுறையும் 'இல்லை' என்றார்.
பிறகு, தானே பேனாவை எடுத்து,
படத்தில் எட்டு இடங்களைக் குறித்தார்.

வெளியே அவர் எழுந்தார். இவ்வளவு நேரமா?
மாதிரி சரியில்லை, இரவு தங்க வேண்டும் என்றேன்.
கோட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.
ஈரமாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

பழைய பதிவை அழிக்கக் கூடாதென்பது விதி.
மார்ச் பக்கத்தைத் திறந்தேன்.
உருண்டாராம், அப்படியே இருக்கட்டும்.
அதன் கீழே இன்றைய தேதி, மணி, என் பெயர்:
நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.
அங்கே படிகள் இல்லை.