சாளரத்தின் பெயர்

மூன்று கணினிக்கும் ஒரே நிரல்.
வாவிபாளையம் ஆய்வுக்கூடத்தில் விண்டோஸ்,
என் மடியில் லினக்ஸ்,
அவிநாசி ரோட்டு பையிங் ஆபீசில்
லோகநாயகிக்கு மேக்.

துணியைத் துவைக்கிறோம், காயவைக்கிறோம், அளக்கிறோம்.
எத்தனை சதம் சுருங்கியது என்று
புள்ளிகள் வந்து விழுகின்றன.
வரைபடம் திறந்தால் அதன் நெற்றியில்
'சாதனம் 2' என்று மட்டும்.
அடுத்தது 'சாதனம் 3'.
எது நீலம், எது மெரூன்,
எந்தச் சாயப்பட்டறையில் முக்கியது,
ஒன்றும் தெரியாது.

போன செவ்வாய்
இரண்டைப் பார்த்து மூன்றுக்குச் சரி சொல்லிவிட்டேன்.
நானூறு கிலோ இன்டர்லாக்
காம்பாக்டிங்கிலிருந்து திரும்பி வந்தது.
'ஏனுங், பேரெழுதி வெக்க மாட்டீங்களா?'
வண்டி வாடகைச் சீட்டை நீட்டினார் செங்கோடன்.

இரவு உட்கார்ந்தேன்.
சாளரத்துக்கு ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு பேர்.
ஒன்றில் விண்டோஸ் என்றே கூப்பிட வேண்டும்,
ஒன்றில் எக்ஸ் பதினொன்று,
மேக்குக்கு குவார்ட்ஸ்.
எந்த ஊர் என்று முதலில் விசாரித்து
அதற்குத் தக்க வாசலைத் தட்டும்
எட்டு வரி.
தலைப்பு மட்டும் மூன்றுக்கும் ஒன்றே:
லாட் 7714, நீலம், மூன்றாம் சலவை.

ஒன்றரை மணிக்கு
லோகநாயகி திரையைப் படமெடுத்து அனுப்பினாள்:
'வந்துருச்சுங்.'

காலையில் அச்செடுத்துக் கொடுத்தேன்.
செங்கோடன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சாளரத்தின் பெயர்
சாளரத்தோடு நின்றுவிட்டிருந்தது.
தாளில் புள்ளிகள் மட்டும்.

துணியில் குறிபோடும் பேனாவைச்
சட்டைப்பையிலிருந்து எடுத்து
மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கொட்டை எழுத்தில் எழுதினார்:
7714.