கயிறு கட்டும் மாதம்

ஜூலையில் என்னைத் தேடாதீர்கள்.
ஜூலையில் எனக்குப் பெயர் கிடையாது.
யாஸ்னா என்று யாரும் கூப்பிடுவதில்லை,
"சீக்கிரம் வாங்க" என்பதுதான் என் பெயர்.
புன்டா அரீனஸில் பத்து மணிக்கு விடிந்து
ஆறுக்குள் இருட்டிவிடும்.
இடையில் ஏழு பாய்லர்.
ஒன்று தும்மும், ஒன்று ஊளையிடும்,
இவெலிச் வீட்டில் ஒன்று மட்டும்
என்னைக் கண்டதும் ஒழுங்காக எரிந்து
மானத்தை வாங்கும்.

வேனில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு நோட்டு.
முதல் பக்கத்தில் என் கையெழுத்து, மணிமணியாக:
செவ்வாய்தோறும் ஒரு படம்.
வியாழன்தோறும் ஒரு குறிப்பு.
மாதக் கடைசியில் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கடிதம்.
இரண்டாம் பக்கத்தில் செப்புக் குழாயின் விலை.
மூன்றாம் பக்கத்திலிருந்து
எல்லாமே குழாயின் விலை.

மார்ச் பதினான்காம் தேதி உலகுக்கு அறிவித்தேன்:
"இனி வாராவாரம் சந்திப்போம்!"
அதற்கப்புறம் ஒரு சொல் இல்லை.
அந்த ஆச்சரியக்குறி மட்டும்
விளக்கு அவிந்த கம்பம்போல
மாதக்கணக்கில் தனியே நின்றது.

நவம்பரில் போன் ஊமையாகும்.
அப்போது பார்க்க வேண்டும் என்னை.
ஒரே நாளில் நான்கு படம்,
இருபது சதவீதம் தள்ளுபடி,
ரொட்டிக்கடைக் கண்ணாடியில் துண்டுச்சீட்டு,
அக்கா புருஷன் ராடோமிரின் நண்டுப் படகில்கூட ஒன்று.
(நண்டுக்கு எதற்கு பாய்லர் என்று அவர் கேட்டார்.)
உலையை வைத்துவிட்டு
நெல் விதைக்கப் போனவள் கதைதான்.
முளைத்து வருவதற்குள் ஜூன் வந்துவிடும்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது சரி,
எங்கள் ஊரில் காற்றுக்கா பஞ்சம்?
கைதான் இரண்டே இரண்டு.

போன செப்டம்பரில்
எலியானா பாஹாமொந்தேயின் சமையலறைச் சுவரில்
வேறொருவனின் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருஷம் நான் துடைத்த பர்னர் அது.
அவள் முகம் சிவந்து, காப்பி போட்டாள்,
சர்க்கரையை இரண்டு தரம் போட்டாள்.
"கடையை மூடிவிட்டு சான்டியாகோ போய்விட்டாய்
என்றல்லவா நினைத்தோம்,
உன் பேச்சே காதில் விழவில்லையே."
அவன் வந்து ஸ்டிக்கர் ஒட்டிய அன்று
நான் அடுத்த வீட்டுக் கூரைமேல் இருந்தேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
காப்பி மகா இனிப்பு.

திரும்பும் வழியில், சதுக்கத்து முனையில்,
நகராட்சி ஆட்கள் இருவர்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.
வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்:
வசந்தத்தில் இங்கே காற்று ஆளைப் புரட்டும்.
அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் தெருவைக் கடப்போம்.
சின்ன வயதிலிருந்து பிடித்திருக்கிறேன்.
கட்டி ஒருநாளும் பார்த்ததில்லை.
அன்று காற்றே இல்லை,
குப்பைத்தொட்டிமேல் ஒரு பாலித்தீன் பை
அசையாமல் கிடந்தது.
ஒருவன் விரல் மரத்து ஊதிக்கொண்டான்,
போட்ட முடிச்சை அவிழ்த்து
மறுபடி போட்டான்.
பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏழு நிமிடம்.
அவ்வளவுதான் என்னால் ஆகும்.
கடைசி வீட்டை முடித்து, வேனைக் கிளப்பும் முன்,
கரி படிந்த விரலோடே.
நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.
நேற்று: புகைக்குழாய்க்குள் ஒரு குருவிக்கூடு.
படம் மங்கல்.
கீழே இரண்டு வரி:
"உங்கள் குழாயிலும் இருக்கலாம். பார்க்கச் சொல்லுங்கள்."
பதினாறு பேர் பார்த்தார்கள்,
அதில் ஒருத்தி என் அக்கா.
நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனது,
ஒன்று காய்ச்சலால்,
மற்றொன்று சும்மா.
மன்னிப்பெல்லாம் எழுதவில்லை,
அடுத்த குழாயைப் போட்டேன்.

எலியானா வீட்டு ஸ்டிக்கர்
இன்னும் அவனுடையதுதான்.

இன்று ஜூலை. ஏழாவது வீடும் முடிந்தது.
முன்கண்ணாடியில் பனி ஏறுகிறது.
"சீக்கிரம் வாங்க" என்கிறது போன், எட்டாவது வீடு.
ஏழு நிமிடம், என்கிறேன்.
வெளியே இலைகூட அசையவில்லை.