எட்டாவது திருகாணி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
மேலே பஸ் போனால்
மேசையில் திருகாணிகள் நடுங்கும்.

சுபிஜா லேப்டாப்பை நீட்டினாள்:
"கீபோர்டு மட்டும் மாத்துனா போரும்.
பாஸ்வேர்டு தரமாட்டேன், கேட்டியளா."
வேண்டாம் என்றேன். உண்மையிலேயே வேண்டாம்.

அடிமூடி கழன்றால்
வட்டு கையோடு வரும், ஒரு பிஸ்கட் கனம்.
இன்னொரு கணினியில் செருகினால் தீர்ந்தது;
முன்வாசலில் நின்று பெயர் கேட்கும் காவலாளிக்குப்
புறவாசல் தெரியாது.

நான் செருகவில்லை.
அதற்குச் சாட்சி நான் மட்டும்தான்.

மாலையில் வந்து திறந்தாள்.
திரை பாஸ்வேர்டு கேட்டது.
நிம்மதியாகச் சிரித்தாள்.

நான் சொல்லவில்லை:
எட்டுத் துளைக்கு
ஏழு திருகாணிதான் இருந்தது,
நான் திறப்பதற்கு முன்பே.

எட்டாவது என் டப்பாவிலிருந்து போட்டது.
கூலியில் சேர்க்கவில்லை.